குன்றிலிருந்து இறங்கியவள்

ஸ்டார்கிராஃப்ட் விளையாடியவர்களுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி மறக்காது. திரையின் ஏதோ ஒரு மூலையில், கட்டடக் கூரை மேலோ வெறும் புழுதியிலோ, ஊசிமுனை அளவில் மினுக்கிக்கொண்டிருக்கும். அணு ஏவுகணை புறப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு அதற்குச் சற்று முன்புதான் எல்லா ஆட்டக்காரர் காதிலும் விழுந்திருக்கும். ஏவியவருக்கும் அடி வாங்கப்போகிறவருக்கும் ஒரே நேரத்தில் தகவல் போய்விடுகிறது. இனிச் சில நொடிகள்தான். எதிராளி தன் நகரம் முழுவதையும் கண்ணால் துழாவி அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அருகில் எங்கோ ஒருவன் நிற்கிறான். கண்ணுக்குத் தெரியமாட்டான், அசையவும் மாட்டான். கையிலிருக்கும் ஒளிக்கற்றையை அந்த இடத்தின் மேல் பிடித்தபடி நிற்பான்.

அவன் பெயர் கோஸ்ட். 1998 மார்ச் மாதம் வெளிவந்த அந்த ஆட்டத்தில் மனிதப் படையின் உளவுச் சிப்பாய். அவனைச் செதுக்கிய எண்களைப் பாருங்கள். உயிர் 45, சாதாரணக் காலாள் மரீனுக்கு 40, ஆக வெறும் ஐந்துதான் கூடுதல். துப்பாக்கி அடி ஒன்றுக்கு 10. அதுவும் பெரிய எந்திரங்கள் மேல் பட்டால் கால் பங்காகக் குறைந்துவிடும். நேருக்கு நேர் நின்றால் ஒரு டேங்கைக் கீறக்கூட அவனால் ஆகாது. ஆனால் அவன் அசையாமல் நின்றால் ஒரு நகரமே போய்விடும். குண்டு விழும் முன் அவன் செத்தாலோ இடம் பெயர்ந்தாலோ, 200 மினரலும் 200 கேஸும் கொட்டிச் செய்த ஏவுகணை வீண். இவ்வளவு பெரிய அழிவை இவ்வளவு மெலிந்த ஓர் உடலின் நிதானத்தில் தொங்கவிட்ட அந்த வடிவமைப்பை நான் எத்தனை முறை நினைத்தாலும் ரசிக்கிறேன்.

2002 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் ப்ளிஸார்ட் நிறுவனம் ஓர் அறிவிப்புச் செய்தது. அந்தச் சிப்பாயின் பக்கம் நின்று, அவன் உயரத்திலிருந்து, அந்த உலகத்தைப் பார்க்கும் ஆட்டம் ஒன்று வரப்போகிறது. பெயர் ஸ்டார்கிராஃப்ட்: கோஸ்ட். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் என்ற மூன்று கன்சோல்களுக்கும் வரும். நாயகி நோவா என்ற இளம்பெண்.

அந்த ஆட்டம் வரவில்லை. 2006 மார்ச்சில் காலவரையின்றி நிறுத்திவைத்தார்கள். 2014-இல்தான் அது கைவிடப்பட்டது என்பதை நிறுவனம் வாய்விட்டுச் சொன்னது. கடைக்கே வராத ஒன்றுக்கு நயம் பாராட்டுவது எப்படி என்று கேட்கலாம். அதன் முன்னோட்டப் படங்கள் இருக்கின்றன, கண்காட்சிகளில் ஆட்டக்காரர் கையில் கொடுத்த பகுதிகளின் பதிவுகள் இருக்கின்றன, அதையொட்டி எழுதிய நாவல் இருக்கிறது, பிற்பாடு வெளியே கசிந்த அரைகுறைப் பிரதி ஒன்றும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அடிப்படை எண்ணம் முழுதாகக் கையில் இருக்கிறது. அந்த எண்ணத்தின் நுணுக்கங்களைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதல் நுணுக்கம் பார்வையின் உயரம். ஸ்டார்கிராஃப்ட் ஒரு போர்த் தந்திர ஆட்டம். ஆட்டக்காரர் இருப்பது வானத்தில். கீழே 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையில் படைகள் நகரும். ஒரு மரீன் விரல்நுனியில் அடங்கிவிடுவான். குன்றின் மேல் நின்றுகொண்டு யானைச் சண்டை பார்ப்பவருக்குத் தன் உயிரைப் பற்றிய கவலை இல்லாததுபோல, இங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே சாகிறவர்கள் கணக்குத்தான். ஐம்பது மினரலுக்கு இன்னொரு மரீன் வருவான். ஸ்டிம்பேக் ஊசி போட்டால் அவன் வேகம் கூடும், உயிரில் 10 போகும். மேலே இருப்பவர் ஒரு விசையைத் தட்டிப் பன்னிரண்டு பேருக்கு ஒரே நொடியில் அதைப் போட்டுவிடுவார். இது அந்த ஆட்டத்தின் குறையன்று. தளபதியின் மனநிலையை அவ்வளவு சுத்தமாகப் பிடித்ததனால்தான் தென்கொரியாவில் தொலைக்காட்சி வைத்துப் பார்க்கும் விளையாட்டாக அது வளர்ந்தது.

கோஸ்ட் செய்ய முனைந்தது குன்றிலிருந்து இறங்குவது. நோவாவின் தோளுக்குப் பின்னால் கேமரா. அவள் கண் எவ்வளவு உயரமோ, உலகம் அவ்வளவு உயரத்திலிருந்துதான் தெரியும். இந்த ஒரு மாற்றத்தால் பழைய ஆட்டத்தில் நாம் அலட்சியமாகச் சொடுக்கிய ஒவ்வொன்றும் வேறு பொருளாகிவிடுகிறது. சீஜ் டேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கையில் அது ஒரு காய். கால்களை விரித்துத் தரையில் ஊன்றிக்கொண்டால் வெகுதூரம் சுடும். ஆனால் காலடியில் வந்துவிட்டவனைச் சுட முடியாது. குழாய் அவ்வளவு தாழாது. தளபதிக்கு இந்தக் கடைசி விதி ஓர் அடிக்குறிப்பு, டேங்க் பக்கத்தில் நாலு மரீன்களை நிறுத்தி வைத்துவிட்டு மறந்துவிடுவார். தரையில் தனியாக நடந்து வருகிற ஒருத்திக்கு அந்த விதிதான் வாழ்வு. எந்திரத்தை நோக்கி ஓடுவதே தப்பிக்கும் வழி என்று புரிகிற நொடி இருக்கிறதே, அதை எந்த வசனமும் சொல்லித் தந்துவிட முடியாது. பழைய விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் இறக்கினால், அவை தாமாகவே இப்படிக் கதையாக விரிகின்றன.

ஜெர்க் என்ற வேற்றுக்கோள் உயிரினத்துக்கும் இது பொருந்தும். ஒரு முட்டையில் இரண்டு ஜெர்க்லிங் பொரியும், ஜோடி 50 மினரல். மேலே இருப்பவருக்கு அவை கூட்டம் கூட்டமாகத்தான் கண்ணில் படும், தனித்தனியாக யாரும் பார்ப்பதில்லை. கோஸ்ட்டின் காட்சிகளில் ஒரேயொரு ஜெர்க்லிங் பாய்ந்து வருவதைப் பார்த்தபோதுதான் அதற்குத் தாடை இருக்கிறது, முதுகில் கவசம் இருக்கிறது, அது தாவும்போது பின்னங்கால் மடங்குகிறது என்பதெல்லாம் மனத்தில் பதிந்தது. மண்ணுக்குள் புதைந்து ஒளிந்துகொள்வது அந்த இனத்தின் பழக்கம் என்று முன்பே தெரிந்தவருக்கு, வெறும் தரையைப் பார்த்தாலும் கால் கூசும்.

இனி மறைவுக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

பழைய ஆட்டத்தில் கோஸ்ட்டுக்கு க்ளோக் என்ற வித்தை உண்டு. இயக்கியதும் 25 அலகு சக்தி போகும். பிறகு மறைந்திருக்கும் நேரமெல்லாம் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டே இருக்கும். தீர்ந்தால் நடுச்சந்தியில் உருவம் வெளிப்பட்டுவிடும். எதிரிப் படையிலும் மறைந்ததைக் காணும் கண்கள் உண்டு: டெரன் எனப்படும் மனிதப் படைக்கு ஏவுகணைக் கோபுரம், ஜெர்க்குக்கு மிதந்து திரியும் ஓவர்லார்ட், மூன்றாம் இனமான புரோட்டோஸ் படைக்கு அப்சர்வர். மேலிருந்து ஆடுபவருக்கு இந்தச் சக்தி ஒரு பட்டை, அது குறைவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.

நோவாவிடமும் அதே வித்தை இருந்தது. அவளையும் கண்டுபிடிக்கக்கூடிய எதிரிகள் இருந்தார்கள். ஆனால் இங்கே பட்டை குறைவது அவள் மூச்சு குறைவது. அந்த அறையைத் தாண்ட எத்தனை எட்டு, கதவு திறக்க எத்தனை நொடி, காவலாளி திரும்ப எவ்வளவு நேரம், கையிலிருக்கும் சக்தி எதுவரை வரும் என்று ஆட்டக்காரர் தன் உடம்பாலேயே அளக்க வேண்டும்.

அந்தக் காலத்து மற்ற ஒளிவு ஆட்டங்களோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை விளங்கும். 2001-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 2 காவலாளியின் பார்வைக் கோணத்தை வைத்து ஆடியது; அவன் கண் போகும் பக்கத்தைத் தவிர்த்தால் பிழைத்தோம். 2002-இல் வந்த ஸ்ப்ளின்டர் செல் வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்து ஆடியது. விளக்கை உடைத்துவிட்டால் இருட்டு நமக்குச் சொந்தம். ஒன்று இடத்தைப் பற்றியது, மற்றொன்று ஒளியைப் பற்றியது. கோஸ்ட் நேரத்தைக் கையில் எடுத்தது. இங்கே பட்டப்பகலில், எதிரியின் முகத்துக்கு நேராக நடக்கலாம். ஒரே நிபந்தனை, அந்த நடை முடிவதற்குள் மறைவு முடிந்துவிடக் கூடாது. துணிச்சலையும் பதற்றத்தையும் ஒன்றாகப் பிசைந்து தரும் விதி இது. அதோடு அவள் மனஆற்றலால் வேகமும் எதிர்வினையும் கூடும் ஒரு திறமையைச் சேர்த்தார்கள். வெப்பத்தைக் காட்டும் கண்ணாடி, மின்கருவிகளை முடக்கும் சாதனம், தொலைவிலிருந்து சுடும் ஸ்னைப்பர் துப்பாக்கி எல்லாம் கொடுத்தார்கள். இருந்தாலும் அந்த வடியும் சக்திதான் ஆட்டத்தின் நாடித் துடிப்பு என்பது என் கணிப்பு. பழைய ஆட்டத்தில் டேங்கைக் கீற முடியாத அந்த மெலிந்த சிப்பாயின் இலக்கணத்தை அது சிதைக்காமல் காப்பாற்றியது.

பலர் சேர்ந்து விளையாடும் பகுதியில் இரண்டு நுணுக்கங்கள் என்னை வியக்க வைத்தன. 2005 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் அனாஹைமில் முதல் ப்ளிஸ்கான் விழா நடந்தபோது வந்தவர்கள் இதை விளையாடிப் பார்த்தார்கள்.

ஒன்று, மிதக்கும் தொழிற்சாலை. ஸ்டார்கிராஃப்ட்டில் டெரன் கட்டடங்கள் தரையை விட்டு எழும்பிப் பறந்து வேறிடத்தில் இறங்கும். தோற்கும் தறுவாயில் இருப்பவர் தன் கட்டடங்களைத் தூக்கி வரைபடத்தின் மூலையில் ஒளித்து வைப்பது பழைய ஆட்டத்தில் வாடிக்கை. எதிராளிக்கு எரிச்சலூட்டும் வேலை, அவ்வளவுதான். கோஸ்ட் இந்தச் சின்ன விதியை எடுத்து ஒரு முழுப் போட்டியாக்கியது. இரண்டு அணிகள், நடுவில் ஒரே ஒரு பறக்கும் தொழிற்சாலை. அதைக் கைப்பற்றித் தன் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிற அணிக்கு வெற்றி. கொடியைக் கவர்ந்து ஓடும் ஆட்டங்கள் ஆயிரம் உண்டு. அந்தக் கொடி ஒரு கட்டடமாகி, நாம் அதற்குள் நின்று சண்டை போட, அது நம்மையும் சுமந்துகொண்டு நகர்வது என்பது ஸ்டார்கிராஃப்ட் உலகத்தில் மட்டுமே பிறந்திருக்க முடியும். பழைய விதிக்குள் கிடந்ததை எடுத்து இவ்வளவு இயல்பாகப் புதியதாக்குவதுதான் கைதேர்ந்தவர் வேலை.

இன்னொன்று, மரீனுக்குக் கீழே ஒருவன். பழைய ஆட்டத்தில் மரீன்தான் அடிமட்டம். அவனுக்குக் கீழே யாரும் இல்லை. கோஸ்ட்டின் பலர் ஆட்டத்தில் லைட் இன்ஃபன்ட்ரி என்றொரு வகுப்பைச் சேர்த்தார்கள். அந்தப் பருத்த இரும்புக் கவசம் இல்லாத சாதாரணத் துருப்பு. மரீன், ஃபயர்பேட், கோஸ்ட் எல்லாம் அவனுக்கு மேல். நாம் ஐம்பது மினரலுக்கு வாங்கித் தீயில் தள்ளிய மரீனின் கவசம், இங்கே ஆடிச் சம்பாதித்து அடைய வேண்டிய உயர்வு. எதிரே ஒரு மரீன் வந்தால் அவன் நடமாடும் சுவராகத் தெரிவான். கண்ணை இறக்கியதோடு நிற்காமல், மதிப்பையும் இறக்கிக் காட்டிய இந்த இடத்தில் வடிவமைப்பாளர்களுக்குத் தாம் செய்வது என்னவென்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வல்ச்சர் என்ற பறக்கும் பைக்கையும் சீஜ் டேங்கையும் ஆட்டக்காரர் தாமே ஏறி ஓட்டலாம் என்று வைத்ததும் இதே நோக்கத்தின் தொடர்ச்சி.

நோவா யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். முழுப் பெயர் நவம்பர் அனபெல்லா டெர்ரா. டார்சோனிஸ் என்ற கோளில் ஆட்சிக்கு நெருங்கிய பழமையான செல்வக் குடும்பம் ஒன்றின் மகள். குடும்பத்தைக் கொன்றுவிடுகிறார்கள். அந்த அதிர்ச்சியில் அவளுக்குள் உறங்கிய மனஆற்றல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் இறக்கிறார்கள். செல்வத்தில் வளர்ந்தவள் சேரியில் ஒளிந்து வாழ்ந்து, ஒரு குற்றக் கூட்டத் தலைவன் பிடியில் சிக்கி, கடைசியில் கோஸ்ட் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறாள். கீத் டிகாண்டிடோ எழுதிய நாவலில் இந்தக் கதை வருகிறது. ஆட்டத்துக்குத் துணையாக வர வேண்டிய நூல் அது. ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டு எட்டு மாதம் கழித்து, 2006 நவம்பரில், நூல் மட்டும் கடைக்கு வந்தது.

அந்த உலகத்தின் கோஸ்ட் சிப்பாய்களுக்கு நினைவைத் துடைத்துவிடுவார்கள். கொன்றதைச் சிப்பாய் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அரசின் ஏற்பாடு. ஆட்டக்காரருக்கோ எல்லாம் நினைவிருக்கும். முந்திய கட்டத்தில் எந்தக் கதவு வழியாக நுழைந்தோம், யாரைச் சுட்டோம், எங்கே தடுமாறினோம் என்பதெல்லாம் நம் கையில். நாயகிக்கு இல்லாத நினைவை அவளை நடத்திச் செல்பவர் சுமக்கும் இந்த அமைப்பு சாதாரணமானதன்று. ஆட்டம் வெளிவந்திருந்தால் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருப்பார்கள் என்பது தனிக் கேள்வி. விதை நல்ல விதை.

எதிரியைப் படைத்த விதத்திலும் அந்த நேர்த்தி உண்டு. டொமினியன் என்ற பேரரசை ஆள்பவன் மெங்ஸ்க். டெர்ராசின் என்ற நச்சுவாயுவைக் கொடுத்துத் தன் கோஸ்ட் சிப்பாய்களையே இன்னும் கொடிய ஆயுதங்களாக மாற்றும் ரகசியத் திட்டம் நடக்கிறது. அப்படி மாறியவர்கள் ஸ்பெக்டர்கள். நோவாவுக்கு எதிரே நிற்பவர்கள் இப்படி அவள் பயின்ற அதே வித்தையைப் பயின்றவர்கள், அவள் மறையும் விதத்திலேயே மறைபவர்கள். ஒளிவு ஆட்டத்தில் ஆட்டக்காரருக்கு இருக்கும் ஒரே பலம், தான் மறைந்திருக்க எதிரி வெளியே நிற்பது. அந்தப் பலத்தை எதிரிக்கும் கொடுத்துவிட்டால், காலியான கூடமும் காலியாக இல்லை என்றாகிவிடும்.

குறை சொல்லாமல் விட்டால் பாராட்டுக்கு மதிப்பில்லை. விளம்பரப் படங்களில் நோவாவின் உருவத்தை வரைந்த விதம் எனக்கு ஒப்பவில்லை. உடலோடு ஒட்டிய உடையும், போர்க்களத்தில் யாரும் நிற்காத சாய்வான நிலையும், அந்தக் காலத்து கேம் பத்திரிகை அட்டைகளுக்காகச் செய்தவை. கதை அவளுக்கு இவ்வளவு பாரத்தைக் கொடுத்திருக்க, விளம்பரம் அவளை லேசாக்கியது. ஆட்டக் காட்சிகளில் இந்தக் கோளாறு குறைவு. அங்கே நாம் பார்ப்பது அவள் முதுகையும், பொன்னிறக் கூந்தலையும், துப்பாக்கியின் நீளத்தையும்தான். அவள் போகும் திசைக்குத்தான் நம் கண்ணும் போகிறது.

நின்றுபோன கதையை நீட்ட எனக்கு விருப்பமில்லை. கலிஃபோர்னியாவின் நொவாட்டோவில் இருந்த நிஹிலிஸ்டிக் என்ற சிறிய நிறுவனம் முதலில் செய்தது. 2004 நடுவில் அது விலகியது. மெட்டல் ஆர்ம்ஸ் என்ற ஆட்டத்தைச் செய்த ஸ்விங்கின் ஏப் நிறுவனத்திடம் வேலை போனது. அடுத்த ஆண்டு ப்ளிஸார்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. கேம்கியூப் பதிப்பு அதே ஆண்டில் கைவிடப்பட்டது. 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது, அடுத்த ஆண்டே பிளேஸ்டேஷன் 3 வரப்போகிறது. வெறும் 32 எம்பி நினைவகம் கொண்ட பிளேஸ்டேஷன் 2-க்காக நான்காண்டு இழைத்த ஆட்டம், கடைக்கு வரும்போதே பழையதாகத் தெரியும் நிலை. நிறுத்தினார்கள். தரம் குறைந்ததை வெளியிடுவதைவிட வெளியிடாமல் விடுவது என்பது அந்த நிறுவனத்தின் பழைய வழக்கம். 1998-இல் வார்கிராஃப்ட் அட்வென்ச்சர்ஸ் என்ற ஆட்டத்தையும் முடியும் தறுவாயில் நிறுத்தினார்கள். அதன் கதை பிறகு கிறிஸ்டி கோல்டன் எழுத்தில் நாவலாக வந்தது. இரண்டு ஆட்டங்களுக்கும் நேர்ந்தது ஒன்றே. விளையாடக் கிடைக்கவில்லை, வாசிக்கக் கிடைத்தன.

நிறுத்திய முடிவை நான் குற்றம் சொல்லமாட்டேன். வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. கோஸ்ட்டுக்காகச் செதுக்கிய பாத்திரங்களும் கருத்துகளும் பின்னர் பயன்பட்டன. 2010-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-இல் ஸ்பெக்டர்கள் வந்தார்கள். நோவாவின் சொல்லைக் கேட்பதா, ஸ்பெக்டரான டாஷின் சொல்லைக் கேட்பதா என்று ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க வைக்கும் ஒரு கட்டமும் வந்தது. 2015-இல் ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம் ஆட்டத்தில் நோவா ஒரு வீராங்கனையாக நின்றாள். 2016-இல் நோவா கோவர்ட் ஆப்ஸ் என்று அவள் பெயரிலேயே ஒன்பது கட்டங்கள், மூன்று தொகுப்பாக. நல்ல உழைப்புத்தான், அவளை மறக்காமல் இருந்ததற்கு நன்றியும் சொல்லலாம். ஆனால் எல்லாமே மேலிருந்து பார்க்கும் ஆட்டங்கள். நோவாவைக் காப்பாற்றினார்கள், அவள் கண்ணை விட்டுவிட்டார்கள். அவளும் ஒரு காயாகி, வட்டமிட்டுச் சொடுக்கப்படும் சிறிய உருவமாகிவிட்டாள். கோஸ்ட்டின் சாரம் அவளுடைய பெயரிலோ உடையிலோ இருந்ததில்லை. அவள் நின்ற உயரத்தில் இருந்தது. அந்த உயரத்திலிருந்து ஸ்டார்கிராஃப்ட் உலகத்தைக் காட்டும் ஆட்டம் இன்றுவரை கடைக்கு வரவில்லை.

2020 பிப்ரவரியில் அதன் எக்ஸ்பாக்ஸ் பிரதி ஒன்று இணையத்தில் கசிந்தது. மாற்றியமைத்த பழைய எக்ஸ்பாக்ஸ்களில் சிலர் அதை ஓட்டிப் பதிவு செய்தார்கள். முடிவடையாத வேலை என்பது பார்த்ததும் தெரியும். நடை சில இடங்களில் விறைப்பாக இருக்கிறது, சுவர்களின் பூச்சு சோபையில்லாமல் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, நிறுத்தியது நல்லதே என்று சொன்னவர்கள் உண்டு. நான் அந்தப் பதிவுகளை வேறு கண்ணோடு பார்த்தேன். மேலிருந்து சின்னச் சதுரமாகத் தெரிந்த டெரன் கட்டடத்துக்கு இங்கே ஓர் உட்புறம் இருக்கிறது. நடைவழிகள், குழாய்கள், படிக்கட்டுகள், கதவுக்கு மேல் விளக்கு. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒரு பாரக்ஸுக்குள் ஆட்கள் எப்படி நடமாடுவார்கள் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார். 1998-இலிருந்து கோடிக்கணக்கான முறை கட்டப்பட்டு எரிக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலாக ஒருவர் நடந்து போகிறார். பூச்சு சரியில்லாததால் அந்த யோசனையின் மதிப்பு குறையாது.

இவ்வளவையும் நாம் கசிவின் வழியாகத்தான் பார்க்க முடிந்தது என்பது சரியில்லை. ஓர் ஓவியர் முடிக்காமல் விட்ட கோட்டுச் சித்திரத்தை அருங்காட்சியகம் பாதுகாக்கிறது. திரைப்பட ஆவணக் காப்பகங்கள் வெட்டியெறிந்த காட்சிகளைத் தேடிச் சேர்க்கின்றன. வெளிவராத கேம்களுக்கு இந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கைகள் பல ஆண்டு இழைத்த வேலை, நிறுவனத்தின் அலமாரியில் கிடக்கும் வட்டுகளோடு வட்டாக மக்கிப்போகலாம். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 2021-இல் அங்குள்ள உலக வீடியோ கேம் பெருமைக் கூடத்தில் 1998-இன் ஸ்டார்கிராஃப்ட்டைச் சேர்த்தார்கள். 2023 அக்டோபரிலிருந்து ப்ளிஸார்ட் மைக்ரோசாஃப்ட்டின் கையில் இருக்கிறது. கோஸ்ட்டின் பிரதிகளையும், வரைபடங்களையும், வடிவமைப்புக் குறிப்புகளையும், அதில் உழைத்த அத்தனை பேரின் பெயர்ப் பட்டியலையும் அவர்கள் அந்த அருங்காட்சியகத்திடமோ அதுபோன்ற வேறொரு காப்பகத்திடமோ ஒப்படைக்க வேண்டும். விற்பனைக்கு வைக்க வேண்டாம், முடித்துத் தரவும் வேண்டாம். ஆட்டங்கள் செய்யக் கற்கும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துப் படிக்கும்படி திறந்து வைத்தால் போதும்.